பாதியில் நின்ற கை

ஒரு வீடு, மூன்று பெண்கள், ஒரு போன். வம்பு வர இது போதாதா?

பூமயிலுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. விடுதிப் பள்ளியில் பத்தாவது முடித்தவள்; பஸ் போர்டு முதல் பொட்டலம் கட்டிய காகிதம் வரை எதையும் படிக்காமல் விடமாட்டாள். அவள் கல்யாணமாகி வந்ததுமே நாத்தனார் சுகந்தி கைச்சாடை கற்றுக்கொண்டாள். "யாரு என்ன பேசினாலும் ஒண்ணு விடாம உங்களுக்குச் சொல்லுவேன் அண்ணி" என்று அவள் உள்ளங்கையில் அடித்து வாக்குக் கொடுத்தாள். மாமியார் இராசம்மாள் முணுமுணுக்கிற வசவைக்கூடச் சொல்லிவிடுவாள்.

"அடியே, அதையுமாடி சொல்லுவ?" என்பாள் இராசம்மாள். மூவருமே சிரிப்பார்கள்.

பூமயிலுக்கு இப்போது எட்டாம் மாதம். போன முறை கரு தங்கவில்லை. எதையோ கண்டு பயந்ததால்தான் அப்படி ஆயிற்று என்பது இராசம்மாளின் முடிவு. மகளைத் தனியே கூப்பிட்டாள்.

"பயப்படுற மாதிரி எது வந்தாலும் உங்க அண்ணிகிட்ட சொல்லக் கூடாது. என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணு."

"என்னம்மா நீ..."

"பண்ணுடி. இன்னொரு தடவை அந்தப் பிள்ளை அழுவுறதப் பாக்க எனக்குத் தெம்பில்ல."

அம்மாவின் கண் கலங்கவும், சுகந்தி சத்தியம் செய்துவிட்டாள்.

கலகலவென்று ஓடிக்கொண்டிருந்த வளைகாப்பு வளையல்கள் இரண்டு நாளாய்ப் பூமயிலின் மணிக்கட்டில் பதிந்து நின்றன. அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்தவள் கல்லை விட்டுவிட்டு அரிசியைப் பொறுக்கி எறிந்தாள். "மகராணிக்குக் கண்ணு எங்க இருக்கு?" என்றாள் இராசம்மாள். சுகந்தி அதையும் சாடையில் சொன்னாள். பூமயில் சிரிக்கவில்லை. நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டாள்.

அன்று மத்தியானம், கர்ப்பிணிகளுக்கான வாட்ஸ்அப் குழுவில் சுகாதார நிலையத்து நர்ஸ் ஜெசிந்தா ஒரு வீடியோ போட்டாள். டாக்டரம்மா பேசுகிறார். கீழே ஓர் எழுத்தும் ஓடவில்லை. "எல்லோரும் கேட்டுப் பயன்பெறுங்கள்" என்று மேலே மட்டும் போட்டிருந்தது.

சுகந்தியின் கை பேசியது. கீரை சாப்பிடுங்க. சத்து மாத்திரையை விடாதீங்க. இடப்பக்கம் சாய்ந்து படுங்க. அடுத்து டாக்டரம்மா சொன்னார்: "தலைவலி விடாம இருந்து, கண்ணு மங்கி, கை, முகம் வீங்கினா ரத்தக் கொதிப்பு ஏறியிருக்கலாம். தாய், பிள்ளை ரெண்டு உயிருக்கும் ஆபத்து. நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருக்காதீங்க. உடனே வாங்க."

சுகந்தியின் கை அந்தரத்தில் நின்றது, பிறகு மடியில் விழுந்தது. அவ்வளவுதான் என்று தலையசைத்தாள்.

காது கேட்காதவளுக்கு வாய் அசைவது தெரியாதா? டாக்டரம்மாவின் வாய் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. பூமயில் வீடியோவைப் பின்னால் இழுத்து, சுகந்தியின் கை நின்ற இடத்தில் நிறுத்தினாள். படத்தில் டாக்டரம்மாவின் விரல் கண்ணோரம் இருந்தது. பூமயில் அதைக் காட்டினாள், தன் கண்ணைத் தொட்டாள், நெற்றியைத் தொட்டாள். பிறகு உள்ளங்கையை விரித்து நீட்டினாள். அன்று வாக்கு வாங்கிய அதே கை.

அந்நேரம் பார்த்து இராசம்மாள் உள்ளே வந்தாள். என்ன சேதி என்று அவளுக்குத் தெரியாது; மகளின் முகம் வெளுத்திருந்தது மட்டும் தெரிந்தது. தன் தலைமேல் கையை வைத்துக் காட்டினாள்.

நீங்களே சொல்லுங்கள். பெற்றவள் தலையில் செய்த சத்தியம் ஒரு பக்கம், அண்ணி கையில் கொடுத்த வாக்கு ஒரு பக்கம். சுகந்தி எதைக் காப்பாற்றினால் சரி?

விடை: அண்ணிக்குக் கொடுத்த வாக்கை. பக்கத்து வீட்டு ஆட்டை உனக்குத் தருகிறேன் என்று நான் சத்தியம் செய்தால் செல்லுமா? பூமயிலின் உடம்பைப் பற்றிய சேதி பூமயிலுக்குச் சொந்தம். அதை மறைப்பதாகச் சத்தியம் செய்யச் சுகந்திக்கு ஏது பாத்தியதை? சுகந்தி ஒன்று விடாமல் சொன்னாள். ஆட்டோ வந்தது. ஆஸ்பத்திரியில், வீங்கிய கையிலிருந்து வளையல்களைச் சோப்புப் போட்டுக் கழற்றியது இராசம்மாள்தான். தாயும் பிள்ளையும் பிழைத்து வீடு வந்தார்கள். பிள்ளையைப் பார்க்க வந்த ஜெசிந்தாவிடம் இராசம்மாள் ஒன்றே ஒன்று கேட்டாள்: "அந்த வீடியோவுல எழுத்துப் போட ரொம்ப நாளாகுமாம்மா?" ஜெசிந்தா தலை குனிந்தாள். "இல்லம்மா. ஒரு மத்தியானம் போதும்."