பாதிக் கூட்டில் பாடாத குருவி

ஏரிக்கரை ஈச்சமரத்தில் தூக்கணாங்குருவிகளின் கூச்சல் காதைப் பிளந்தது. மழைக்காலம் நெருங்கிவிட்டதால் ஆண் குருவிகள் எல்லாம் பச்சை நெல்தாளைக் கிழித்து வந்து கூடு பின்னிக்கொண்டிருந்தன.

அந்தக் குருவிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. கூடு பாதி வளர்ந்ததுமே அதில் தொங்கிக்கொண்டு சிறகடித்துப் பாடும். பெண் குருவிகள் வந்து பார்க்கும். பிடித்துப்போனால் அங்கேயே தங்கிவிடும். மீதி வேலை அதற்கு அப்புறம்தான்.

கீற்றன் மட்டும் பாடவில்லை. வேலையில் அவனை மிஞ்ச அந்த மரத்தில் ஆள் கிடையாது. ஆனால் போட்ட முடிச்சை முறைத்துப் பார்ப்பான். பிரிப்பான். மறுபடியும் போடுவான். போன வருஷம் போல இந்த வருஷமும் ஒண்டிக்கட்டையாக நின்றுவிடுவோமோ என்ற பயம்தான் அவனை அப்படி ஆட்டிவைத்தது.

பக்கத்து ஓலையில் துடுக்கன் என்றொருவன். அவன் கூடு கோணல்மாணல். முதல் முடிச்சு விழுந்ததற்கே ஊரைக் கூட்டியவன் அவன்.

"டேய் கீற்றா, கூட்டோட வளையம் முடிஞ்சுபோச்சே! ஒரு பாட்டு எடுத்து விடேன்!"

"வெறும் வளையத்துக்கு என்னடா பாட்டு? எனக்கு வெக்கமா இருக்காது?"

"வளையம் இல்லாம கூடு எங்கேருந்துடா வரும்?"

"போய் உன் வேலையைப் பாரு!"

ஒரு காலையில் நெல்லி என்ற பெண் குருவி கீற்றனின் பாதிக் கூட்டில் வந்து உட்கார்ந்தாள். அலகால் ஒரு நாரை இழுத்துப் பார்த்தாள். அது அசையவில்லை.

"அடேயப்பா! எவ்வளவு நேர்த்தி!" என்றாள்.

கீற்றனுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. ஆனால் வாய் கேட்டால்தானே?

"ஐயோ, பாக்காதீங்க! அரைகுறையா கிடக்கு. முழுசா முடிச்சதும் வாங்க!"

"எனக்கு இதுவே பிடிச்சிருக்குங்க. ஒரு பாட்டு பாடுங்களேன்!"

"பாடுற அளவுக்கு நான் என்ன கிழிச்சுட்டேன்?"

நெல்லி சற்று நேரம் காத்திருந்தாள். 'சொந்த அலகால் பின்னியதிலேயே இவருக்குச் சந்தோஷம் இல்லை. நாளைக்கு என் குஞ்சுகளைப் பார்த்தும் குறைதானே சொல்வார்!' என்று நினைத்தபோது அவளுக்குப் பயம் வந்தது. பறந்துபோய்த் துடுக்கனின் கோணல் கூட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

கீற்றன் பார்த்தான். 'கூடு முடியட்டும், அப்புறம் தெரியும்!' என்று இன்னும் வேகமாகப் பின்னினான்.

பல வாரம் கழித்து ஒருவழியாகக் கூடு முடிந்தது. அப்படியொரு கூட்டை அந்த மரம் கண்டதில்லை. கீற்றன் அதில் தொங்கிக்கொண்டு சிறகை விரித்தான். இத்தனை நாள் அடக்கிவைத்த பாட்டுக்காக வாயைத் திறந்தான்.

வந்தது ஒரு கீச்சு மட்டும். பாடிப் பழகாத தொண்டை வேறென்ன செய்யும்?

அதைக் கேட்கவும் யாரும் இல்லை. மற்ற கூடுகளில் குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. புழுவைக் கவ்விக்கொண்டு வந்த நெல்லி ஒரு கணம் அந்த அழகான கூட்டை நிமிர்ந்து பார்த்தாள். குஞ்சுகளின் சத்தம் கேட்டதும் தன் கூட்டுக்குள் போய்விட்டாள்.

மழை பிடித்துக்கொண்டது. கீற்றனின் கூட்டில் ஒரு பொட்டுத் தண்ணீர்கூட இறங்கவில்லை. உள்ளே அவன் தனியாக அழுதுகொண்டிருந்தான்.

சின்ன வெற்றிகளுக்கு வாய் திறக்காதவனுக்கு, பெரிய வெற்றி வரும் நாளில் பாடத் தொண்டையும் இருக்காது, கேட்க ஆளும் இருக்காது.