அப்படியே ஆகட்டும் கம்பளம்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னே, சீன தேசத்தில் யூன்லோங் என்றொரு சக்கரவர்த்தி இருந்தார். நிலவைத் தொடுகிற மாதிரி ஒரு கோபுரம் கட்ட வேண்டும் என்று அவருக்கு ஒரே பித்து. ஆனால் கல் போதவில்லை.

"ஆற்றங்கரையில் அடுக்கி வைத்திருக்கிறார்களே, பிரபு!" என்றான் ஹெய்ஃபூ என்ற மந்திரவாதி. அவ்வளவுதான்! வெள்ளத்தைத் தடுக்கும் கரையைப் பிரித்துப் பிரித்துக் கோபுரம் எழும்பியது.

கன்பூசியஸ் வழிவந்த அறிஞர்கள் சும்மா இருப்பார்களா? மன்னர் தவறினால் முகத்துக்கு நேரே சொல்வது அவர்கள் கடமை ஆயிற்றே! அதற்கும் மந்திரவாதி வழி செய்திருந்தான். சிம்மாசனத்தின் முன்னே ஒரு சிவப்புக் கம்பளம். அதில் மூன்று முறை நெற்றிபட வணங்கியவர் வாயில் அப்புறம் ஒரே பேச்சுதான்: "ஆஹா, அருமை! அப்படியே ஆகட்டும்!" இந்தச் சூது சக்கரவர்த்திக்குத் தெரியாது. ஊரே தன் கோபுரத்தைக் கொண்டாடுகிறது என்று பூரித்துப் போயிருந்தார், பாவம்!

கரைக்குக் கீழே ஒரு கிராமத்தில் லியாங் போ இருந்தான். அரசாங்கத் தேர்வில் மூன்று முறை தோற்றவன். தோற்காமல் என்ன செய்வான்? வரியைப் பற்றிக் கேட்டாலும், போரைப் பற்றிக் கேட்டாலும் அவன் எழுதுவது ஒன்றுதான்: "பாடம் கேட்கும் நாளில் ஆசிரியர் மன்னரை வணங்க வேண்டாம், மன்னரே ஆசிரியரை வணங்க வேண்டும்." பழைய நூலில் படித்த அந்த வழக்கத்தின் மேல் அவனுக்கு அப்படியொரு காதல்.

"மழைக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. கரை இல்லாவிட்டால் வீடு, வயல், பிள்ளைகள் எல்லாம் ஆற்றோடு போகும். போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்!" என்று மனைவி ஷூயிங் கட்டுச்சோற்றைக் கையில் திணித்தாள்.

அரண்மனை வாசலில் லியாங் போ காத்திருந்தான். ஓர் அறிஞர் கர்ஜித்துக்கொண்டு உள்ளே போனார், சிரித்துக்கொண்டு வந்தார். இன்னொருவர் அழுதுகொண்டு போனார், சிரித்துக்கொண்டு வந்தார். மூன்றாமவர், "தலை போனாலும் உண்மையைச் சொல்வேன்!" என்று தன் சவப்பெட்டியையே இழுத்துக்கொண்டு போனார். வரும்போது பெட்டியைக் காணோம். பலகை கோபுரத்துக்கு ஆகுமாம்! "ஆஹா, அருமை! அப்படியே ஆகட்டும்!" என்றார்.

மூன்று நெற்றியிலும் சிவப்பு இழை ஒட்டியிருந்ததை லியாங் போ கவனித்தான். "ஓஹோ, சூது கம்பளத்திலா!"

வணங்கினால் நாக்கு போகும். வணங்காவிட்டால் தலை போகும். சட்டென்று அவன் முகம் மலர்ந்தது. நேரே சடங்கு அமைச்சரிடம் போய், "ஐயா, நான் பாடம் சொல்ல வந்த ஆசிரியன். வசந்தந்தோறும் மன்னர் ஆசிரியரிடம் பாடம் கேட்கும் சடங்கு இந்த ஆண்டு ஏன் நடக்கவில்லை?" என்று கேட்டான். சடங்கு தவறியது என்றால் அமைச்சருக்கு வியர்த்துவிடும். உடனே ஏற்பாடு செய்தார்.

லியாங் போ வணங்காமல் நாற்காலியில் உட்கார்ந்தான். சக்கரவர்த்தி இறங்கி வந்தார். வழக்கப்படி ஆசிரியரை வணங்கினார், அதே கம்பளத்தின் மேல்!

ஐயையோ! தன் நெற்றியைக் காப்பாற்றும் அவசரத்தில் மன்னரின் நெற்றியை லியாங் போ மறந்தே போனான். அவன் பதறி எழுவதற்குள் மூன்றாவது வணக்கமும் முடிந்தது.

"பிரபு, கற்களைக் கரைக்கே அனுப்பலாமா?"

"ஆஹா, அருமை! அப்படியே ஆகட்டும்!"

"இந்த மந்திரவாதியை நாட்டை விட்டே துரத்தலாமா?"

"ஆஹா, அருமை! அப்படியே ஆகட்டும்!"

காவலர்கள் ஹெய்ஃபூவைக் குண்டுக்கட்டாகத் தூக்கிப் போனார்கள்.

சடங்கு அமைச்சர் காதோரம் குனிந்தார். "அசடே, பிரதம மந்திரி பதவியைக் கேள்! இப்போது எதைக் கேட்டாலும் கிடைக்கும்!"

லியாங் போவுக்கும் ஆசை வந்தது. மூன்று முறை தோற்றவனுக்கு வராதா? ஆனால் சக்கரவர்த்தியின் வாய் சிரித்தபோது கண்களில் நீர் வழிந்தது. அதைப் பார்த்ததும் அவன் மனம் இளகிவிட்டது.

"பிரபு, இந்தக் கம்பளத்தைக் கொளுத்தலாமா?"

"ஆஹா, அருமை! அப்படியே ஆகட்டும்!"

கம்பளம் எரிந்தது. மாயம் கலைந்தது. கொடுத்த வாக்கையெல்லாம் இனி அவர் திரும்பப் பெறலாம்; லியாங் போவின் தலையையும் வாங்கலாம்.

"இல்லை," என்றார் சக்கரவர்த்தி.

லியாங் போ கண்ணை மூடிக்கொண்டான்.

"இல்லை, இல்லை, இல்லை! அடடா, இந்தச் சொல்லைச் சொல்ல முடிவதே எவ்வளவு சுகம்! என் அறிஞர்களிடமிருந்து இதையா பறித்து வைத்திருந்தேன்? கோபுரம் வேண்டாம். கல்லெல்லாம் இன்றே கரைக்குப் போகட்டும்!"

பத்தாம் நாள் மழை கொட்டியது, கரை அசையவில்லை. லியாங் போ அரசாங்க ஆசிரியன் ஆனான். ஒவ்வொரு வசந்தத்திலும் சக்கரவர்த்தி அவனை வணங்கிவிட்டு ஆவலோடு கேட்பார்: "சொல்லுங்கள் ஆசிரியரே, இந்த ஆண்டு நான் என்னென்ன தப்பு செய்தேன்?"

ஷூயிங் கட்டிக் கொடுத்த சோற்றை நடுவில் வைத்துக்கொண்டு, இருவரும் பொழுது சாயும்வரை பேசுவார்கள்.