கதவில்லாப் பெட்டிக்குள் ஒரு சர்வர்

கிரீடமும் கீபோர்டும் ஒன்றாகவே இருந்த நாடு சிங்கமுடி. குடிகள் மன்னரிடம் முறையிட அங்கே ஓர் இணையதளம் உண்டு. எந்தக் கணினிக்கு மாற்றினாலும் அது படுத்துக்கொள்ளும். அவையிலேயே இளையவளான வஞ்சிக்கொடி அந்தத் தளத்தை ஓட்டும் வெப் சர்வரை, அதற்கு வேண்டிய சகலத்தோடும் கன்டெய்னர் என்கிற மென்பொருள் பெட்டிக்குள் வைத்துக் கட்டினாள். இனி எங்கே ஏற்றினாலும் ஒரே மாதிரி ஓடும். வெளியிலிருந்து வருகிறவர்களுக்காக ஒரே ஒரு போர்ட்டைத் திறந்துவிட்டாள். போர்ட் என்றால் கதவு மாதிரி.

அந்தக் கதவுதான் காவல் மந்திரி உலகளந்தாரின் கண்ணை உறுத்தியது. கதவென்று ஒன்று இருந்தால் திருடன் வருவான் என்று மன்னர் காதில் ஓதினார். மன்னரும் ஆணையிட்டார்: ஒரு கதவும் திறந்திருக்கக் கூடாது, ஆனால் வெள்ளிக்கிழமை தர்பாருக்குள் மனுக்கள் வந்து குவிய வேண்டும். தவறினால் வஞ்சிக்கொடியின் பதவி மந்திரியின் மருமகனுக்கு.

இரண்டும் சேர்ந்து எப்படி நடக்கும் என்று அவள் வாதாடிப் பார்த்தாள். இந்தப் பெண்ணுக்கு வாய் அதிகம் என்றார் மந்திரி. பதில் இல்லாதவர்கள் எந்தக் காலத்திலும் சொல்கிற பதில் அதுதானே. சரியென்று கதவை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

மந்திரி சும்மா இருப்பாரா? சர்வர் இருந்த கணினியிலேயே உட்கார்ந்து கட்டளை தட்டி, தானே கன்டெய்னருக்குள் நுழைந்து, அங்கிருந்தபடியே தளத்தின் பக்கத்தைத் திறந்து பார்த்தார். பளிச்சென்று வந்தது. சர்வர் ஜோராக ஓடுகிறது என்று அவையில் மார்தட்டினார்.

வெள்ளிக்கிழமை வந்தது. மனு ஒன்றுகூட வரவில்லை. கோட்டை வாசலில் ஒரே கூச்சல், பக்கமே திறக்கவில்லையாம். சர்வர் ஓடுகிறது, குற்றம் இவளுடையது என்றார் மந்திரி. மன்னர் முகம் சிவந்தது.

வஞ்சிக்கொடி பணிவாக எழுந்தாள். "போகிறேன், மன்னா. ஒரே ஒரு கவலை. ஒரு சர்வருக்கே மந்திரியார் இத்தனை காவல் போட்டிருக்கிறார். தங்களுக்கு அந்தக் காவல் வேண்டாமா?"

மன்னருக்கு உச்சி குளிர்ந்தது. மந்திரியால் மறுக்கவும் முடியவில்லை. மன்னரை ஆலோசனை மண்டபத்துக்குள் அனுப்பி, எல்லாக் கதவுகளையும் தாழிட்டார்கள். சாப்பாட்டு வேளை வந்ததும் உள்ளேயிருந்து கதவு இடிபட்டது.

"மன்னா, உள்ளே ஆட்சி நடக்கிறதா?" என்று கேட்டாள் வஞ்சிக்கொடி.

"நன்றாகத்தான் நடக்கிறது. யாருக்குக் கேட்கிறது? சோறு எங்கே?"

"சமையற்காரர் தட்டோடு நிற்கிறார். திறந்தால் திருடன் வருவானே என்று மந்திரியார்தான் யோசிக்கிறார்."

மன்னர் கதவிடுக்கில் வாயை வைத்தார்.

"ஒரு கதவைத் திற. அதில் ஒரு காவலாளியை நிறுத்து."

"இது சர்வருக்கும் பொருந்துமா, மன்னா?"

"எல்லாவற்றுக்கும் பொருந்தும். அப்பளம் நமத்துப்போகிறது, அம்மா."

இரண்டு கதவுகளும் ஒன்றாகத் திறந்தன. மனுக்கள் கொட்டின. மன்னர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சிரித்தார். பதவி உனக்கே, வேறென்ன வேண்டும் என்று கேட்டார். தளம் ஓடுகிறதா என்று இனி மந்திரியாரே தினமும் பார்க்கட்டும், ஆனால் கோட்டைக்கு வெளியே, குடிகளோடு நின்று பார்க்கட்டும் என்றாள் அவள்.

மறுநாள் வந்த முதல் மனு இது:

"பக்கம் நன்றாகத் திறக்கிறது. கோட்டைக் கதவுதான் திறக்கவில்லை. வெயில் மண்டையைப் பிளக்கிறது. தயவுசெய்து யாராவது வரவும். இப்படிக்கு, உலகளந்தார்."