கருவாடு சுற்றிய தாள்

முன்னொரு காலம்தான், ஆனால் ரொம்ப முன்னால் இல்லை. ஒரு நாட்டு ராஜாவுக்குத் தாம் ராஜாவே இல்லை என்று ஒருநாள் காலையில் தோன்றிவிட்டது. "இன்று முதல் எல்லோரும் சமம். என்னைத் தலைமைத் தோழர் என்று கூப்பிடுங்கள்" என்றார். வாய் தவறி மகாராஜா என்று கூப்பிட்டுவிட்ட சமையல்காரர் உப்பளத்துக்குப் போனார். அங்கே போனவர்கள் திரும்புவதில்லை.

அந்தச் சபையில் விகடம் சொல்லப் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள், பேர் தேவந்தி. மற்றவர்களைச் சிரிக்க வைப்பது அவள் பிழைப்பு. மூன்று வருடம் கழித்து ஒருநாள் அவள் சபைக்கு வந்தது அண்ணனுக்காக. நாட்டில் வந்தது ஒரே செய்தித்தாள். அதன் முதல் பக்கம் முழுக்கத் தினமும் தலைவரின் படம். படத்தைக் கசக்கினால் உப்பளம். மீன்கடையில் வேலை பார்க்கும் அவள் அண்ணன் உதியன், ஏதோ ஞாபகத்தில் அந்தத் தாளில் கருவாட்டைச் சுற்றிக் கொடுத்துச் சிறைக்குப் போய்விட்டான். விஷயத்தைச் சபைக்குக் கொண்டுவந்தவர் வேவுத்துறைத் தோழர் நன்னன். தேவந்தி பேச்சுக்குத் தலைவர் சிரிக்கும்போதெல்லாம் முகம் கறுக்கிறவர்.

"அண்ணனை விட்டுவிடுங்கள் தோழரே" என்று அவள் தலைவரின் காலில் விழப் போனாள். சமத்துவ நாட்டில் அதுவும் குற்றம் என்பது நினைவுக்கு வந்து பாதியில் நிமிர்ந்தாள்.

தலைவர் தேநீரை உறிஞ்சினார். "சட்டத்தை நான் தளர்த்த மாட்டேன். தளர்த்தாமல் அவனை மீட்டுக் காட்டு. முடியாவிட்டால் இன்று மாலை உப்பள வண்டியில் நீயும் ஏறுவாய்."

பயத்தில் அவள் கண் சபையைச் சுற்றி வந்தது. அதிகாரிகள் அன்றைய தாளை நெஞ்சோடு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. எல்லார் சட்டைப்பையிலும் தாள் துருத்திக்கொண்டிருந்தது.

"தளர்த்த வேண்டாம் தோழரே. நன்னன் தோழர் தம்முடைய தாளைப் பிரித்துக் காட்டட்டும்."

நன்னன் பிரித்தார். எட்டாக மடித்த தாள். ஒரு மடிப்பு சரியாகத் தலைவரின் கழுத்தில் விழுந்திருந்தது. சபையில் பல கைகள் மெல்லச் சட்டைப்பையை மூடிக்கொண்டன.

"நம் நாட்டில் அரிசியானாலும் சோப்பானாலும் வரிசைதான். வரிசையை முந்துவதும் குற்றம்தானே? என் அண்ணன் கசக்கியது முந்தாநாள். சபையோர் மூன்று வருடமாகப் படத்தை மடித்துக் கசக்குகிறார்கள். சட்டப்படி இவர்கள் அத்தனை பேரும் ஏறிய பிறகே அவன் ஏற வேண்டும்."

தலைவர் அவளையே பார்த்தார். பிறகு அவர் தோள் குலுங்கியது. கண்ணில் நீர் வரச் சிரித்தார். அதைப் பார்த்துவிட்டுச் சபை சிரித்தது. நன்னனும் சிரித்தார்.

"உன் அண்ணன் வீட்டுக்குப் போகட்டும், முறை வரும்போது பார்க்கலாம்" என்றார் தலைவர். "வரிசையில் முதல் ஆள் இன்று ஏறட்டும். அவருடைய பதவி உனக்குப் பரிசு."

நன்னனைப் பிடித்து, அவர் சட்டையிலிருந்த வேவுத்துறையின் சிவப்புச் சின்னத்தைக் கழற்றித் தேவந்திக்குக் குத்தினார்கள். ஓர் ஆளை உப்பளத்துக்கு அனுப்பிவிட்டோமே என்று அவளுக்கு நெஞ்சு பதறியது. வேண்டாம் என்று சொல்லத் துணிவில்லை. குனிந்து நன்றி சொன்னாள்.

சிறைவாசலில் உதியன் வெளியே வந்தான். அவள் ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள்.

"வாண்ணே, வீட்டுக்குப் போவோம்."

அவள் பிறந்தது முதல் உரிமையோடு ஏட்டி என்று அல்லாமல் வேறு விதமாக அழைத்தறியாதவன் அவன். சின்னத்தைப் பார்த்தான். கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு இரண்டடி பின்னால் நகர்ந்தான்.

"நீங்க முன்னால நடங்க, தோழர்" என்றான்.