கிளியின் தொண்டையில் குடியிருந்த இருவர்

ஒரு வீட்டுக் கூண்டில் சாம்பல் நிறக் கிளி ஒன்று இருந்ததாம். அதன் தொண்டைக்குள் அண்ணனும் தங்கையுமாக இரண்டு பேர் குடியிருந்தார்கள். அண்ணன் பெயர் கத்தல். தங்கை பெயர் கொஞ்சல். கிளிக்குத் தனியாக இருக்கப் பிடிக்காதபோது போய் ஆள் கூட்டிவருவதுதான் இருவருக்கும் வேலை.

முதலில் கொஞ்சல்தான் போவாள். "கூ" என்பாள். சமையலறையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருக்கும், கூடத்தில் டிவி பேசிக்கொண்டிருக்கும். யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். வாடிப்போய் வந்து உட்கார்ந்துகொள்வாள்.

அடுத்து கத்தல் போவான். ஒரே கத்து. வீட்டுக்காரி ரோஸ்லின் ஈரக்கையோடு ஓடிவந்து ஒரு நிலக்கடலையை நீட்டுவாள். அவள் கணவர் சூசை பின்னாலேயே வந்து, வாயை மூடச் சொல்லிப் பதிலுக்குக் கத்துவார். கிளிக்கு அதுவும் சந்தோஷம்தான். ஆள் வந்தாயிற்றே.

"என் ஒரு குரலுக்கு ரெண்டு பேரு, பார்த்தியா?" என்று தங்கையைச் சீண்டுவான் கத்தல். நாளாக ஆக, கிளி கொஞ்சலை அனுப்புவதையே விட்டுவிட்டது.

கீழ்வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். வருகிற ஞாயிறு கிளியைப் பறவைக் கடையில் விட்டுவிடலாம் என்றார் சூசை. ரோஸ்லின் உரித்த கடலையையே மறுபடி உரித்துக்கொண்டிருந்தாள்.

கூண்டு இதைக் கேட்டு இருவரிடமும் சொன்னது. கத்தல் கூண்டிடமே கேட்டான்:

"கூப்பிட்டேன், வந்தாங்க. வந்தாங்கன்னுதானே திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன்? இதுல என் தப்பு என்ன?"

பயத்தில் கத்தல் வாயைத் திறக்கவே இல்லை. சனிக்கிழமை வேறு வழியில்லாமல் கொஞ்சலை அனுப்பியது கிளி. அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. மிக்ஸி நின்றது, டிவி அணைந்தது.

"கூ."

ரோஸ்லின் சட்னிக் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "என்னங்க, இது இப்படிக்கூடக் கூப்பிடுமா?"

"இன்னைக்குத்தான் பழகியிருக்கும்."

"இல்லங்க. நாமதான் இன்னைக்குக் கேட்கிறோம்," என்றவள், கடலையோடு கூண்டருகே போய் உட்கார்ந்தாள்.

ஞாயிறு காலை கத்தலுக்குப் பொறுக்கவில்லை. ஒரு கத்து கத்தினான். சூசை எழுந்தார். ரோஸ்லின் அவர் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள். இதற்கு ஓடி ஓடித்தான் இப்படி ஆனது, கொஞ்சம் பொறுங்கள் என்றாள். கீழே யாரோ கதவைப் படாரென்று சாத்தினார்கள். கத்தல் இன்னும் ஓங்கிக் கத்தினான். யாரும் வரவில்லை. குரல் கம்மி அவன் அடங்கியதும், பயந்து பயந்து ஒரு "கூ" வந்தது.

ரோஸ்லின், சூசை இருவருமே ஓடினார்கள். கையில் கடலையோடு முதலில் போய் நின்றவர் சூசைதான். பறவைக் கடைப் பேச்சை அதன்பிறகு யாரும் எடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் கத்தல் ஒரு ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தான். "இனி எனக்கு இங்க என்ன வேலை? நான் கிளம்பட்டுமா?"

கொஞ்சல் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டாள்.

"பூனை வந்தா, நான் கூப்பிட்டு யாருக்குக் கேட்கும் அண்ணே? நீ இரு. அதுவரைக்கும் கொஞ்சம் தூங்கு."