மாப்பிள்ளை ஊர்வலத்துக் கார்

"வாத்தியாரே, நான் தோத்துட்டேன்" என்றார் அருளப்பன்.

காசிம் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"யார்கிட்ட?"

"இந்த வண்டிகிட்ட."

திண்டுக்கல்லில் காசிமின் பட்டறை வாசலில் ஒரு பழைய வெள்ளை அம்பாசிடர் நின்றது. கூரையை வெட்டியெடுத்துத் திறந்த காராக மாற்றியிருந்தார்கள். பின் இருக்கையை உயர்த்தி, சிவப்பு வெல்வெட் போட்டிருந்தது.

நிலக்கோட்டைப் பக்கம் மாப்பிள்ளை அழைப்பு என்றால் அந்தக் கார்தான் வரும். வண்டிக்குச் சொந்தக்காரர் பவுன்ராஜ். அவரே ஓட்டுவார். வேறு பிழைப்பு கிடையாது. அவரும் இப்போது அருளப்பனுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அருளப்பனுக்குத் தலை முழுக்க நரை. காசிமுக்கு மீசையில் ஒன்றிரண்டுதான். தோல் பதனிடும் வேலை போன பிறகு, தன்னைவிட இளையவரான காசிமிடம் வந்து ஸ்பேனர் பிடிக்கக் கற்றவர் அருளப்பன். நிலக்கோட்டையில் சொந்தப் பட்டறை வைத்த பிறகும் அவர் காசிமை 'வாத்தியாரே' என்பார். காசிம் அவரை 'அண்ணே' என்பார். புதிதாகக் கேட்பவர்கள் சிரிப்பார்கள். இருவரும் அதைக் கண்டுகொண்டதில்லை.

காசிம் ஒரு வண்டியைப் பார்ப்பதைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே, விடுமுறை நாளிலும் வந்து நின்றவர் அருளப்பன்.

"என்ன செய்யுது?" என்றார் காசிம்.

"ஓடினா ஒண்ணும் இல்ல. மதுரைக்குப் போயிட்டு வந்தேன். சூடு காட்டுற முள்ளு பாதியைத் தாண்டல. ஊர்வலத்துல ஆள் நடக்குற வேகத்துல போனா, நின்னு நின்னு போனா, கொதிச்சிருது."

"என்னென்ன பாத்தீங்க?"

"ரேடியேட்டரைக் கழட்டி உள் அடைப்பெல்லாம் எடுத்தேன். தண்ணி பம்பு புதுசு. ஹெட்டை இறக்கி கேஸ்கட் மாத்துனேன். தெர்மோஸ்டாட் வால்வைப் பிடுங்கிப் போட்டுட்டேன்."

"வால்வு என்ன பாவம் பண்ணுச்சு?"

"எல்லாரும் பிடுங்குறாங்க. நானும் பிடுங்குனேன்."

"திரும்பப் போட்டுருங்க. பாவம்."

பவுன்ராஜ் பொறுக்கமுடியாமல் முன்னால் வந்தார்.

"அய்யா, போன முகூர்த்தத்துல நடு ரோட்டுல ஆவி பறந்துச்சு. மாப்பிள்ளை பட்டு வேட்டியோட இறங்கி மண்டபத்துக்கு நடந்து போனாரு. சகுனம் சரியில்லேன்னு பேச்சு வந்து, பொண்ணுக்கு அப்பா என் சட்டையைப் பிடிச்சிட்டாரு. அதுக்கப்புறம் ஒருத்தரும் என்னைக் கூப்பிடல. இன்னைக்குச் சாயங்காலம் ஒண்ணு இருக்கு. அதுவும் முன்னாடியே பேசுனது. இன்னைக்கும் கொதிச்சா நாளைக்கு இரும்புக்கடைக்குத் தள்ளிட்டுப் போயிருவேன்."

காசிம் அருளப்பனைப் பார்த்தார்.

அருளப்பன் சொன்னார்: "ஓடுற வண்டிக்குக் காத்து தானா வரும். நிக்கிற வண்டிக்கு ஃபேன்தான் இழுத்துக் குடுக்கணும். நீங்க சொல்லிக் குடுத்ததுதான். அதையும் பாத்துட்டேன் வாத்தியாரே."

அவர் எஞ்சினைக் கிளப்பினார். பழைய செய்தித்தாளில் ஒரு தாளைக் கிழித்து, முன் கிரில்லுக்கு நேரே பிடித்தார்.

தாள் கையை விட்டுப் பறந்து கிரில்லில் ஒட்டிக்கொண்டது. அருளப்பன் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். தாள் விழவில்லை.

"நல்லாத்தான் இழுக்குது" என்றார் காசிம்.

அந்த ஒரு சொல்லுக்கே அருளப்பனின் முகம் மலர்ந்துவிட்டது. பிறகு நிலைமை நினைவுக்கு வந்து மறுபடி வாடியது.

எஞ்சினை அணைக்க வேண்டாம் என்றார் காசிம். வண்டி நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. மூவரும் இன்னொரு டீ குடித்தார்கள். முள் பாதியிலேயே நின்றது.

"உங்களைக் கண்டா மட்டும் ஒழுங்கா இருக்கு" என்றார் அருளப்பன்.

"மாப்பிள்ளை வண்டில்ல. பெரியவங்க முன்னாடி அடக்கமா இருக்கும்."

பவுன்ராஜுக்குச் சிரிப்பு வரவில்லை.

காசிம் டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

"அண்ணே, நீங்க ஒரு தடவையாவது அந்த ஊர்வலத்துல கூடப் போயிருக்கீங்களா?"

"நான் எதுக்கு? கொதிச்சா மறுநாள் காலையில பட்டறைக்குத் தானா வந்துரும்."

"சரி. சாயங்காலம் நானும் வர்றேன்."

"எதுக்கு வாத்தியாரே?"

"கல்யாணச் சாப்பாடு போடுவாங்கள்ல."

சாயங்காலம் நிலக்கோட்டையில் பிள்ளையார் கோயில் வாசலில் கார் நின்றது.

அருளப்பனுக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை.

பானெட் முழுக்க மல்லிகைச் சரம். பக்கவாட்டில் சம்பங்கி. முன்னால், பானெட் விளிம்பிலிருந்து பம்பர் வரைக்கும் ஒரு மயில். வாழை மட்டைகளை நெருக்கி அடுக்கி, அதன் மேல் அரளியும் செவ்வந்தியும் மரிக்கொழுந்தும் குத்திச் செய்த மயில். தோகை முகப்பை அடைத்து விரிந்திருந்தது. இரண்டு விளக்குகள் மட்டும் தோகைக்கு வெளியே எட்டிப் பார்த்தன.

"அடேயப்பா" என்றார் அருளப்பன். "இவ்வளவு நாள் இதைப் பாக்காம விட்டுட்டேனே."

அவர் மனதார ரசித்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை இன்னும் வரவில்லை. தவில்காரர் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். பவுன்ராஜ் எஞ்சினைக் கிளப்பி வைத்திருந்தார்.

"அண்ணே" என்று பவுன்ராஜ் மெதுவாகக் கூப்பிட்டார். "ஏறுது."

முள் பாதியைத் தாண்டியிருந்தது.

அருளப்பன் பானெட்டைத் திறக்க ஓடினார். சரம் குறுக்கே கட்டியிருந்தது. காசிம் அவர் தோளைத் தொட்டு நிறுத்தி, சட்டைப் பையிலிருந்து ஒரு செய்தித்தாள் துண்டை எடுத்துக் கொடுத்தார்.

"காலையில காட்டுனீங்களே, அதைக் காட்டுங்க."

அருளப்பன் தாளை மயிலின் நெஞ்சில் வைத்தார். கையை எடுத்தார்.

தாள் தரையில் விழுந்தது.

குனிந்து எடுத்தார். தோகையில் வைத்தார்.

விழுந்தது.

அவர் அதை எடுக்கவில்லை. பவுன்ராஜைத் திரும்பிப் பார்த்தார்.

"பவுனு, இந்த மயிலோட ஒரு நாள்கூட நீ என் பட்டறைக்கு வந்ததில்லையேப்பா."

"வாடுன பூவோட வருவாங்களாண்ணே? எல்லாத்தையும் கழட்டிப் போட்டு, கழுவித் துடைச்சு, பொட்டு வச்சுத்தானே கொண்டாருவேன். டாக்டர்கிட்ட போறப்ப குளிச்சிட்டுப் போறதில்லையா?"

"முந்தியும் மயில்தானா?"

"முந்தி ஒத்தை மாலைதான். இப்பத்தான் எல்லாரும் மயில் கேக்குறாங்க. வண்டிக்கும் ஒரு மரியாதை வேண்டாமா?"

அருளப்பன் மடியிலிருந்து கத்தியை எடுத்தார். மயிலைக் கட்டியிருந்த கயிற்றில் வைத்தார். பவுன்ராஜ் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாண்ணே. பொண்ணு வீட்டுக்காரங்க ஆசைப்பட்டுக் கேட்ட மயிலு. மொட்டை மூஞ்சியா வண்டி போனா என்ன சொல்லுவாங்க? இன்னொரு தடவை சட்டையைப் பிடிக்கவா?"

அருளப்பன் காசிமைப் பார்த்தார்.

காசிம் தவில்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அருளப்பனே சொன்னார்: "மயிலை யாரும் தூக்கிப் போடப்போறதில்ல. அது மாப்பிள்ளைக்குப் பின்னால நிக்கட்டும்."

கயிறு அறுந்தது. மயிலை இரண்டு பேர் தூக்கிப் பின் இருக்கைக்கு மேலே நிறுத்திக் கட்டினார்கள். கீழே கிடந்த தாளை அருளப்பன் எடுத்து வெறும் கிரில்லில் நீட்டினார். வெடுக்கென்று ஒட்டிக்கொண்டது. முள் அவசரப்படாமல் இறங்கிப் பாதிக்கு வந்தது.

மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தார். தோகை அவர் தலைக்குப் பின்னால் விரிந்து நின்றது. புகைப்படக்காரர் இது யார் யோசனை என்று கேட்டார். பெண்ணின் அப்பா, எல்லாம் தான் சொல்லித்தான் என்றார். பவுன்ராஜுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஊர்வலம் நகர்ந்தது. ஒவ்வொரு முக்கிலும் நின்றது. நாயனக்காரர் ஒரு பாட்டை முழுசாக வாசித்த பிறகுதான் அடுத்த அடி. அருளப்பன் காரோடு ஒட்டியே நடந்தார். சுற்றியிருந்தவர்கள் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். அவர் முள்ளைப் பார்த்தார்.

மண்டப வாசலில் ஆரத்தி எடுத்தார்கள். மாப்பிள்ளை சாவகாசமாகச் சிரித்துக்கொண்டே இறங்கினார்.

பவுன்ராஜ் எஞ்சினை அணைக்கவில்லை. ஸ்டியரிங்கில் இரண்டு கைகளையும் வைத்தபடி உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். யாரோ ஒருவர் வந்து, வைகாசியில் வண்டி கிடைக்குமா என்று கேட்ட பிறகுதான் திரும்பினார்.

பந்தியில் காசிமும் அருளப்பனும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்கள்.

"வாத்தியாரே, காலையிலேயே கண்டுபிடிச்சிட்டீங்க."

"இல்லண்ணே. ஒரு சந்தேகம்."

"பானெட்டைக்கூடத் திறக்கல நீங்க. எப்படி வந்துச்சு அந்தச் சந்தேகம்?"

காசிம் ரசம் ஊற்றிய சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"எங்க வழக்கத்துல மாப்பிள்ளை முகத்தை மறைச்சுப் பூச்சரம் தொங்கவிடுவாங்க. எனக்கும் கட்டுனாங்க. வீட்டுலேர்ந்து பள்ளிவாசல் வரைக்கும் ஊர்வலம். நல்ல சித்திரை. மூச்சே விட முடியல. உடம்பெல்லாம் கொதிச்சு வேர்வை ஊத்துது."

"கூட இருந்தவங்க யாரும் பாக்கலையா?"

"பாக்காம? எல்லாரும் பாத்தாங்க."

"பாத்துட்டு?"

"மாப்பிள்ளைக்கு வெக்கம்னாங்க."