நாரைக்கிடை மனு சென்ற விதம்

நாரைக்கிடை என்ற ஊரில் அறிவுக்குப் பஞ்சம் வந்ததே கிடையாது. இருந்த பொருளுக்குத்தானே பஞ்சம் வரும்?

அந்த ஊருக்குப் பெரியவர் சுருளியாண்டி. மகளை ஓடைக்கு அக்கரையில் கட்டிக்கொடுத்திருந்தார். அவள் பிள்ளை பெற்ற சமயம் பார்த்து ஓடையில் வெள்ளம். பேரனை அங்கிருந்தே தூக்கிக் காட்டினார்கள். இவர் கண்ணுக்குத் தெரிந்தது ஒரு துணிமூட்டை. மாப்பிள்ளை ஜாடை என்று சொல்லிவிட்டு, வழியெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

மறுநாளே பாலம் கேட்டு மனு எழுதிக்கொண்டு தாலுகா ஆபீசுக்கு நடந்தார். அதிகாரி அதைத் திருப்பிக் கொடுத்தார்.

"ஊர்க்காரங்க கையெழுத்துப் போடணும் பெரியவரே. எழுதத் தெரியாதவங்க கைநாட்டு வைக்கட்டும். இல்லேன்னா மனு செல்லாது."

ஊர் கூடியது. அதிகாரி சொன்னது மெய்தானா என்று முதலில் பார்த்துவிட முடிவாயிற்று. மனுவைத் தரையில் வைத்து, சுற்றிலும் உட்கார்ந்தார்கள். வெயில் சாயும்வரை அது இம்மியும் நகரவில்லை. படித்தவர் படித்தவர்தான் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

எழுதத் தெரிந்தவர் சுருளியாண்டி ஒருவரே. மற்றவர்கள் வரப்போரமாகக் குழி தோண்டி, முழங்கைவரை கையை நட்டு மண் அணைத்தார்கள். ஒரு கை போதுமா, இரண்டையும் நட வேண்டுமா என்று ஒரு வழக்கு எழுந்தது. இரண்டையும் நட்டால் சோறு ஊட்ட ஆள் வேண்டுமே என்று ஒன்றோடு விட்டார்கள். சுருளியாண்டியின் மனைவி வீரசின்னு வரிசையாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போனாள்.

சுருளியாண்டி கையெழுத்துப் போட்டு முடிக்கவும், ஆடிக்காற்று கிளம்பவும் சரியாக இருந்தது. மனு எழும்பி, பனைக்கு மேலே பறந்தது.

"செல்லுது," என்றார் அவர்.

மண்ணில் நட்ட கையோடு பொம்மணன் யோசித்தார். "ஆபீசு கிழக்கேல்ல இருக்கு. இது மேக்கே போகுதே?"

"அதிகாரி சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருப்பாரு," என்றாள் வீரசின்னு. "அதுக்குத் தெரியாதா?"

மனு எங்கே போய் விழுந்ததோ. அடுத்த கோடையில் பாலம் வந்துவிட்டது. அது எப்போதோ முடிவாகியிருந்த பாலம் என்பதை ஊரில் யாரிடமும் சொல்லிப் பயனில்லை.

வேலை முடிந்த அன்று மேஸ்திரி ஒரு தாளோடு வந்தார். பாலத்துக்குக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார். சுருளியாண்டிக்கு வேர்த்துவிட்டது.

"ஒரு கடுதாசியே அந்த ஓட்டம் ஓடிச்சு, ஐயா. பாலம் கிளம்பினா யார் பிடிக்கிறது?"

மேஸ்திரி கெஞ்சினார். தாள் இல்லாமல் போனால் வேலைக்கு உலை என்றார். பாவம் பார்த்து, ஊரிலிருந்த வடக்கயிறு அத்தனையும் கொண்டுவந்து பாலத்தைப் புளியமரங்களோடு இழுத்துக் கட்டினார்கள். பிறகு சுருளியாண்டி கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

பாலம் அசையவில்லை. கயிறு நல்ல கயிறு.

அன்று மாலையே அவர் பேரனைப் பார்க்கக் கிளம்பினார். வேட்டியைத் தலையில் சுற்றிக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில், பாலத்துக்குப் பக்கத்திலேயே இறங்கி நடந்தார். இன்றைக்கும் அந்த ஊரில் எல்லாரும் அப்படித்தான் போகிறார்கள். பாலத்தில் ஏறுவதில்லை. மேலே ஆள் இருக்கும்போது அது கிளம்பிவிட்டால்?